இல்லை என்று சொல்லப் போன கோதை

புனேயில் கேம்ப் என்கிற கடைத்தெருப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டே அறை. அதுதான் ‘ஆப்லே ஷஹர்’ அறக்கட்டளை. மராத்தியில் நம்ம ஊர் என்று அர்த்தம். கேம்ப் கடைக்காரர்கள் சிலரும், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலரும், இரண்டு டாக்டர்களும் சேர்ந்து, இந்த ஊரில் சம்பாதித்ததில் கொஞ்சம் இந்த ஊருக்கே என்று ஆரம்பித்தார்கள். கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் அங்கே கிடையாது. கல்லில் பெயர் வேண்டும் என்றவர்கள் முதல் வருஷமே கழன்று கொண்டார்கள். நல்லதாய்ப் போயிற்று.

பணம் கொடுக்கிறவர்கள் ஊரில் பலர் உண்டு. இவர்களிடம் விசேஷம் என்னவென்றால், கொடுக்க மறுப்பதிலும் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். உதவி கேட்டவருக்கு ‘இல்லை’ என்று கடிதம் போடக் கூடாது. விசாரிக்கப் போனவரே மறுபடி நேரில் போய்ச் சொல்ல வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும். வேறு வழி ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். செயலாளர் முகமது இஸ்மாயில், ஆம்பூர்க்காரர், கேம்பில் தோல் பைகள் விற்கும் கடை வைத்திருந்தவர், தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார்: சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகுதான் அவர்கள் கொடுக்கிற டீயைத் தொடலாம்.

“ஏன் பாய்?” என்று கோதை முதல் நாளே கேட்டாள்.

“டீயைக் குடிச்சிட்டு இல்லேன்னு சொல்ல யாருக்கும்மா மனசு வரும்?” என்றார் அவர்.

வேறு யாருக்கு வந்தாலும் கோதைக்கு வராது. வானவடியில் அவள் வீட்டு அலமாரியைத் திறந்தால், வாசலில் வந்து நின்ற விற்பனைக்காரர்களைத் திருப்பி அனுப்பத் தெரியாமல் வாங்கிய மிக்ஸி உறைகள் ஒரு தட்டு நிறைய இருக்கும். “பாஜிவாலா அழுகின தக்காளியைக் குடுத்தாலும் தேங்க்ஸ் சொல்லிட்டு வருவா இவ” என்று அவள் கணவர் ஸ்வாமிநாதன் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். இரண்டு பெண்களும் வேலைக்குப் போய்விட்ட பிறகு, தொண்ணூற்றேழில், பிறருக்குக் கொடுக்கிற வேலை என்று ஆசையாய் அறக்கட்டளையில் சேர்ந்தாள். மறுக்கிற வேலையும் அதில் பாதி என்பது அவளுக்குத் தெரியாது, பாவம்.

அடுத்த வருஷம் புனேயை ஒட்டிய பிம்ப்ரியிலிருந்து அந்தோணியம்மாளின் கோரிக்கை வந்தது. தொழிற்சாலைகளுக்குப் பின்னால் நம்மவர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் பேட்டையில் அவள் ஒரு பால்வாடி நடத்தி வந்தாள். அம்மாக்கள் கட்டட வேலைக்கும் கம்பெனி கேன்டீனுக்கும் போய்விட, குழந்தைகள் மாதா கோயில் தாழ்வாரத்தில் அவளோடு இருக்கும். மழைக்காலத்தில் சாரல் அடித்துப் பிள்ளைகள் இருமாத நாள் கிடையாது. அதனால் அந்தப் பெண்கள் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, பேட்டை முனையில் ஒரு அறையை விலை பேசியிருந்தார்கள். பாதிக்குத் தேறியிருந்தது. மீதிப் பாதியை அறக்கட்டளை தருமா என்று கேட்டார்கள்.

கோதை போய்ப் பார்த்தாள். அந்தோணியம்மாள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, மூன்றாவதுக்குச் சோறு ஊட்டுகிற அழகைப் பார்த்து மனம் உருகிவிட்டது. தன் கையில் இருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பாள். இஸ்மாயில் பாய் மட்டும், “ரூம் யாருது, எங்க இருக்குன்னு பார்த்துட்டு வந்துருவோம்மா” என்று அவளை நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். வரைபடத்தைப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமாயிற்று. சாலையை அகலப்படுத்தும் கோடு அந்த அறையின் நட்டநடுவே ஓடியது. இன்றைக்கோ நாளைக்கோ இடிபடும் இடம். விற்கிறவனுக்கு இது தெரியும். அதனால்தான் அவனுக்கு அத்தனை அவசரம்.

அறக்கட்டளைக் குழு ‘இல்லை’ என்றது. அதோடு நிற்காமல் அந்த வாரமே அலைந்து வேறு வழியும் கண்டுபிடித்தது. பேட்டைக்குப் பக்கத்திலேயே நகராட்சிப் பள்ளியில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. கூரையை அறக்கட்டளை சரிசெய்து கொடுத்தால் பால்வாடிக்கு விடுகிறோம் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு ‘இல்லை’யைச் சொல்ல என்ன கஷ்டம்? நல்ல சேதியும் கூடவே இருக்கிறதே!

கோதை போனாள். தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள் வாங்கிக் குடித்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டுப் பாடினார்கள். ஒருத்தி அவள் தலையில் பூ வைத்தாள். “நீங்க நல்லா இருக்கணும்மா” என்றாள் இன்னொருத்தி. கோதை சாலையைப் பற்றிச் சொல்லவில்லை. ‘இல்லை’யைச் சொல்லாமல் பள்ளி அறையைப் பற்றி எப்படிச் சொல்வது? அதையும் சொல்லவில்லை. “உங்க உழைப்பு வீண் போகாது” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

“சொல்லிட்டீங்களா?” என்றார் பாய், அவள் அறக்கட்டளைக்குத் திரும்பியதும்.

“ஆச்சு பாய்” என்றாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நினைத்துப் பார்த்தாள். அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அதற்குள் வந்த வியாழக்கிழமை, பிம்ப்ரியில் ஆலைகளுக்கு வார விடுமுறை. காலையில் அறக்கட்டளையின் ஃபோன் அடித்தது. கோதைதான் எடுத்தாள்.

“கோதையம்மாங்களா? அந்தோணியம்மா பேசுறேன். இன்னைக்கு எல்லாருக்கும் லீவும்மா. எங்க சீட்டுப் பணத்த இப்ப ரூம்காரருக்குக் குடுத்து எழுதி வாங்கிடுறோம். உங்க பங்கு பின்னால வருதுன்னு சொல்லிட்டோம். நீங்க வந்து விளக்கேத்தணும்!”

“அந்தோணியம்மா, அது வந்து... நான் என்ன சொல்ல வந்தேன்னா...” என்று கோதை இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்ததில் பொதுத் தொலைபேசியில் போட்ட காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

கோதை ரிசீவரை வைத்தாள். “பாய், நான் அன்னிக்குச் சொல்லலை” என்றாள்.

வேறொருவராக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். இஸ்மாயில் பாய் நாற்காலியை விட்டு எழுந்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “வாங்கம்மா. கொண்டுபோய் விடுறேன். சொல்றது நீங்கதான்.”

கட்கி தாண்டி, தாபோடிப் பாலம் தாண்டி, லாரிகளுக்கு நடுவே அந்தப் பழைய பஜாஜ் போன போக்கு இருக்கிறதே! கோதை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பெண்கள் செங்கல் சுமந்து சேர்த்த பணம் தன் நாக்கின் சொகுசால் போகப்போகிறது என்ற நினைப்பில் அவளுக்கு அழுகையாய் வந்தது.

அறை வாசலில் கூட்டம். கதவுக்கு மாலை போட்டிருந்தார்கள். அறைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தோணியம்மாள் மஞ்சள் துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டாங்க!” என்று பெண்கள் ஆரவாரித்தார்கள். ஒருத்தி தீப்பெட்டியை நீட்டினாள்.

கோதை அதை வாங்கவில்லை. “இல்லை” என்றாள். குரல் அவளுக்கே புதிதாய் இருந்தது. “பணம் குடுக்காதீங்கோ. இந்த ரூமுக்கு நாங்களும் தரப்போறதில்லை. ரோடு போட இதை இடிக்கப் போறா. மேப்பை என் கண்ணால பார்த்தேன்.”

“ரோடு-வோடு குச் நஹி, பாபி!” என்று, ரோடெல்லாம் ஒன்றும் வராது என்று இந்தியில் சாதித்தபடி அறைக்காரன் எழுந்தான்.

“அப்படின்னா வாங்க, நகராட்சிக்குப் போய் எல்லாருமாப் பார்த்துடலாம். நாங்க ரெடி” என்று பின்னாலிருந்து இஸ்மாயில் இந்தியில் சொன்னார். அவன் வரவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

அந்தோணியம்மாள் மூட்டையை இறுக்கி முடிந்தாள். “இது அன்னைக்கே தெரியுமாம்மா உங்களுக்கு?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“உங்க எல்லார் முகத்தையும் பார்த்ததும் எனக்கு வாய் வரலை. அறக்கட்டளை சொல்லச் சொல்லித்தான் அனுப்பித்து. தப்பு என்னோடது.”

“வாய் வரலையாம்! எங்க பணம்லாம் போயிருந்தா?” என்று ஒரு பெண் கத்தினாள். நியாயமான கோபம். கோதை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, சொல்லாமல் விட்ட மிச்சத்தையும் சொன்னாள்: பள்ளி அறை, கூரை, அதிகாரியின் சம்மதம் எல்லாம். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அந்தோணியம்மாள் காலடியில் சிணுங்கிய ஒரு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தன்னைப் போகச் சொல்லப் போகிறாள் என்றே கோதை நினைத்தாள்.

“எலெக்‌ஷனுக்கு வர்றவங்க, கம்பெனிக்காரங்க, எத்தனையோ பேரு பாக்கலாம், பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க” என்றாள் அந்தோணியம்மாள். “ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல. இல்லேன்னு சொல்றதுக்காக இவ்வளவு தூரம் விழுந்தடிச்சு ஓடியாந்தவங்கள நான் இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்.”

கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பெண் போய்க் கதவிலிருந்த மாலையைக் கழற்றினாள்.

“அழுவாதீங்கம்மா” என்று அந்தோணியம்மாள் இடுப்புக் குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். “இவனைக் கொஞ்சம் தூக்கிக்குங்க. அந்த ஸ்கூல் ரூமு எங்க இருக்குன்னு காட்டுங்க.”