முதுகுப் பை

தூக்கத்தில் மூச்சு நின்றுபோவதற்கு டாக்டர் சொன்ன மூச்சு மெஷின் வேண்டாம் என்று கணவன் முரண்டு பிடித்ததால், தையல்காரியான மனைவி அவன் சட்டையின் முதுகில் ஒரு பை தைத்து ரப்பர் பந்தைப் போட்டாள். மல்லாந்து படுத்தால் பந்து உறுத்தும், புரண்டு படுப்பான், குறட்டை அடங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவனோ பந்தின் மேலேயே அசையாமல் படுத்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். அப்புறம் தொண்டைக்குப் பயிற்சி என்று காலையும் மாலையும் கத்தினான். ராத்திரி அவனுக்கு மூச்சு நிற்கும்போதெல்லாம் அவள்தான் முழங்கையால் இடித்து மூச்சை வரவழைத்தாள். அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஒரு வாடிக்கையாளரின் புதுச் சட்டைக்கும் முதுகில் பை தைத்துவிட்டு, வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுபடியும் டாக்டரிடம் போனார்கள்.

"பயிற்சி நல்லா வேலை செய்யுது டாக்டர்," என்றான் அவன் தெம்பாக.

"மூச்சு நிக்கறது?"

"அதுக்குத்தான் இவ இருக்காளே, இடிச்சு விட! மெஷின் எதுக்கு?"

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நாற்காலியிலேயே கண் செருகிச் சாய்ந்தாள். பக்கத்திலிருந்து கணவனின் முழங்கை நீண்டது.

"இடிக்காதீங்க சார்." டாக்டரின் குரல் அவளுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. "மெஷின் கொஞ்சம் தூங்கட்டும்."