கட்டிலுக்கடியில் முதலை, கட்டிலில் வினோதினி

1

இந்தக் கதையை என்னை எழுத வைத்தது ஒரு முதலை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். எழுத வைத்தது ஒரு தாழ்ப்பாள். அதைப் போட்டது நான்.

போன கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மதியம், கீரப்பாளையத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டுக்குள் முதலை வந்தது. சிதம்பரத்துக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்க மாட்டார்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் முதலை வாய்க்கால் பிடித்து வயலுக்கு வரும். அன்று எங்கள் கொல்லைக் கதவும் திறந்து கிடந்தது. கடலூரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள்தான் நம்புவதில்லை. "பெட்ரூமுக்கேவா சார்? பெல் அடிச்சிட்டா வந்துச்சி?" என்கிறார்கள்.

பெட்ரூமுக்கேதான். ஆறடி இருக்கும்.

(நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் என் மனைவி வினோதினி. முதல் வரைவின் ஓரத்தில் அவள் எழுதியது: 'நாலரை அடி. டேப்பு வச்சி அளந்தாங்க.')

2

தொடக்கங்கள்.

'மழை விட்டிருந்தது. வீட்டில் நான் மட்டும்.' அடித்துவிட்டேன். வீட்டில் நான் மட்டும் இல்லை.

'முதலையின் கண்களில் யுகங்களின் களைப்பு...' இதையும் அடித்தேன். கண்ணை நான் பார்க்கவே இல்லை. பார்த்தது வாலை. மூக்குக் கண்ணாடி எடுக்க உள்ளே போனவன், கட்டிலுக்கடியில் யாரோ பழைய லாரி டயரை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டயர் நகர்ந்தது.

'உடனே நான் வினோதினியைத் தூக்கிக்கொண்டு

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க எட்டு மாதம் முயன்றேன். அப்படியே கிடக்கட்டும்.

3

எங்கள் ஊராட்சி போர்டில் மூன்று வரி இருக்கிறது: 'முதலை வீட்டுக்குள் வந்தால் கதவைச் சாத்தவும். தாழிடவும். வனத்துறைக்குத் தகவல் சொல்லவும்.' ஊரில் எழுதத் தெரிந்தவன் என்று என்னைத்தான் எழுதித் தரச் சொன்னார்கள். சுருக்கமாக இருக்கிறது என்று தலைவரே பாராட்டினார். உள்ளே ஆள் இருந்தால் என்ன செய்வது என்பதை நான் எழுதவில்லை.

அன்று என் எழுத்துக்கு நானே கீழ்ப்படிந்தேன். கதவைச் சாத்தினேன். வெளியே தாழிட்டேன். போன் போட்டேன்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா சார்?" என்று கேட்டார் வனத்துறைக்காரர்.

"யாரும் இல்ல சார். மொதல மட்டுந்தான்."

கட்டிலில் வினோதினி தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து போய் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, எழுந்து நிற்கவே ஒரு கை தேவைப்பட்ட வாரம் அது. இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருப்பவள். மறந்துவிட்டேன் என்று எழுதலாம்; மறந்ததற்கும் நினைக்காததற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கட்டுரையாகவே எழுதலாம். எழுத வெட்கமாக இருக்கிறது.

(இந்தப் போன் பேச்சு இதற்கு முந்தைய நாலு வரைவிலும் இல்லை. அவள் படிப்பாள் என்பதுதான் காரணம். அன்று அது அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.)

போனை வைத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, கதவ ஏன் சாத்துனீங்க? காத்தே வரல."

கதவிடுக்கில் வாயை வைத்தேன்.

"வினோ, கால கீழ வைக்காத."

"ஏன்?"

"சும்மாதான்."

என் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. திறக்கவில்லை. பதினோரு நிமிடம் திறக்கவில்லை. 'உறைந்து போனேன்' என்று எழுதினால் ஏதோ பனிமலையில் நின்றவன் மாதிரி இருக்கிறது. பயந்தேன். அவ்வளவுதான்.

4

இனி வருபவரை நீங்கள் நம்ப மாட்டீர்கள். கதைக்காகச் செய்துவைத்த ஆள் என்பீர்கள். நானே அவரைச் சந்தேகப்பட்டுக் கொஞ்சம் குறைத்தும் எழுதிப் பார்த்தேன், குறைய மறுக்கிறார்.

பின்வீட்டுச் சவரியம்மாள். பிச்சாவரம் பக்கம் பிறந்தவர், மீன் விற்பவர். மிச்ச மீனைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கொல்லை வழியாக வந்தவர் என்னைப் பார்த்தார்.

"என்னா தம்பி, கதவப் புடிச்சிக்கிட்டு சாமி கும்புடுற?"

"உள்ள மொதல."

"வினோதினி எங்க?"

"உள்ள."

அவர் பார்த்த பார்வையை வர்ணிக்கப் போவதில்லை. அது என் சொந்த விஷயம்.

மீன் கூடையின் மேல் கிடந்த ஈரச் சாக்கை உருவினார். "கண்ண மூடிட்டா சும்மா கெடக்கும். தலைய நான் அமுக்குறேன். பொண்டாட்டிய நீ தூக்கு." என் கையைத் தட்டிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார்.

நானும் போனேன். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஆதாரம் இல்லை. கட்டிலுக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது முதலை. சாக்கு அதன் மேல் விழுந்தது, சாக்கின் மேல் சவரியம்மாள் விழுந்தார். நான் மறுபக்கம் போய் வினோதினியைத் தூக்கினேன். எழுபத்திரண்டு கிலோ. ('அறுபத்தெட்டு' — ஓரக் குறிப்பு.) நிலைப்படியில் அவள் தலையை இடித்தேன். "ஐயோ, மொதலையே தேவல" என்றாள்.

வனத்துறைக்காரர்கள் வந்து, வாயைக் கட்டி, வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களுக்கு நன்றி. யாரையும் கடிக்காத முதலைக்கும் நன்றி. அதற்கும் அந்த மழையில் ஈரமில்லாத தரை கொஞ்சம் வேண்டியிருந்திருக்கும்.

5

இந்த ஐந்தாவது வரைவை, போன் பேச்சோடு, இன்று காலை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு இரண்டு முடிவுகள் எழுதினேன். அ: தாளைக் கிழித்துப் போடுகிறாள். ஆ: அண்ணாமலை நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறாள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

அவள் வந்தாள். தாள் கிழியவில்லை.

"கேட்டுச்சி" என்றாள்.

"எது?"

"யாரும் இல்லன்னது. மொதலன்னதும்தான்."

"அப்ப காத்து வரலன்னது?"

"மொதல மொதலன்னு கத்தியிருந்தா நீங்க ரோட்டுக்கு ஓடியிருப்பீங்க. காத்து வரலன்னாதான கதவுகிட்டயே நிப்பீங்க."

கீழே முதலையை வைத்துக்கொண்டு, மேலே படுத்தபடி, அவள் யோசித்தது என் பயத்தைப் பற்றி.

"எட்டு மாசமா ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களா எழுதுறீங்களான்னு பாத்தேன். நாலு தடவ ஏமாத்துனீங்க." தாளை மேசையில் வைத்தாள். "கோவம் போச்சின்னு நெனைக்காதீங்க. கொஞ்சம் இருக்கு."

6

எங்கள் பக்கம் பெண்டாட்டிக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் ஜுரமா என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். எழுத்தாளனாயிற்றே, வேறு ஏதாவது வார்த்தை கிடைக்கும் என்று காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். ஊராட்சி போர்டு மாதிரியே வருகிறது.

ஆகவே வாசகரே, உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்களோ, அதை இந்த அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுங்கள்: (                    )

எனக்கு நேரமில்லை. அவள் துணி காயப்போடக் கொல்லைக்குப் போகிறாள். பக்கெட்டை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போகிறேன். கொடிக்கம்பி வரைக்கும் போய், அவள் திரும்பும்போது, "வினோ," என்று