தலைவிரி கோலத்துக்கு ஒரு கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு முன்பே இதன் படம் பிறந்துவிட்டது. எங்கள் வாரப் பத்திரிகையில் அதுதான் வழக்கம். ஓவியர் முதலில் வரைந்துவிடுவார். அதற்குப் பொருத்தமாக நான் எழுத வேண்டும். இந்த முறை ஒரு பெண். தலைவிரி கோலம், செருகிய கண்கள், கையிலிருந்து கொட்டும் மாத்திரைகள். பின்னால் தவறாமல் முழுநிலா.

"மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுற பொண்ணு சார். கடைசியில கத்தியை எடுக்கணும்," என்றார் ஆசிரியர்.

2

ஆரம்பிக்கிறேன்.

'மாத்திரையை விழுங்கிய மறுகணமே அவள் விழிகள்...'

(தலைவலி மாத்திரையே அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அடித்துவிட்டேன்.)

'நடைப்பிணமாக அவள் மாடிப்படியில்...'

(எனக்குத் தெரிந்து அந்த மாத்திரை சாப்பிடுகிற ஒரே ஆள் என் அக்கா. அவள் காதுபட நடைப்பிணம் என்றால், பிணமாகப் போவது நான்.)

3

சரி, அக்காவே கதாநாயகி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறாள். தினமும் ஒரு மாத்திரை. வாய் உலர்கிறது, கொஞ்சம் எடை கூடியிருக்கிறது. ஆனால் தூங்குகிறாள், வேலைக்குப் போகிறாள், என்னைத் திட்டுகிறாள்.

"இதுல கதை எங்க சார்?" என்றார் ஆசிரியர் போனில்.*

* எங்களிடம் மாத்திரைக்கு இரண்டே வேடங்கள்: அரக்கன், அல்லது அவதாரம். வாய் உலர வைக்கும் சாதாரண மாத்திரைக்கு எந்தப் பக்கத்திலும் இடமில்லை.

4

அந்த நேரம் பார்த்துக் கதாநாயகியே வீட்டுக்கு வந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேஜைமேல் கிடந்த படத்தைப் பார்த்தாள்.

"யாருடா இவ? வீட்ல சீப்பு இல்லையா?"

"கதைக்கா அது. நீ ஏன் இப்படி இருக்கே?"

"தூக்கமே இல்லடா. இன்னைக்கு வலது கண்ணு லென்ஸை இடது பக்கம் மாட்டிக் குடுத்துட்டேன். இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "மாத்திரையை விட்டுட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"உங்க பத்திரிகையைத்தான். 'மெல்லக் கொல்கிறதா மனநல மாத்திரை?'ன்னு போட்டிருந்தாங்களே."

(அந்தக் கேள்விக்குறியை அக்கா கவனிக்கவில்லை. அது வாசகருக்காகப் போடுவதல்ல, வக்கீலுக்காகப் போடுவது.)

"அது சும்மா போட்டதுக்கா."

"அப்ப இதுவும் சும்மாதானா?" என்று படத்தைத் தட்டினாள். "இதைப் பார்த்துட்டு இன்னொருத்தி விடுவா. அவளுக்கும் உன்னை மாதிரி ஒரு தம்பியா இருக்கான், அது சும்மான்னு வந்து சொல்ல?"

5

கைவசமுள்ள முடிவுகள்:

கத்தி. (படத்துக்குப் பொருத்தம். சன்மானம் உறுதி.)

மாத்திரைகளை ஆற்றில் வீசுகிறாள், காதல் குணப்படுத்துகிறது. (எதிர்ப்பக்கத்தில் மூலிகை எண்ணெய் விளம்பரம் இருந்தால் இன்னும் விசேஷம்.)

டாக்டரைக் கூப்பிட்டு, "விட்டுட்டேன், இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்கிறாள். அவர்...

"அதோட நிறுத்து," என்றாள் அக்கா. என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "முடிவு எழுதினா அதுக்கும் உங்க ஓவியன் ஒரு படம் போடுவான்."

போனை எடுத்து எண்களைத் தட்டினாள். மறுமுனையில் மணி அடிக்கிறது.

கத்தி வேண்டுபவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். அக்கா பேசப் போகிறாள்.