அரை இன்ச்

இருபத்தைந்தரை இன்ச் என்று ரேணுகா காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். நான் டேப்பை நீட்டிப் பிடித்து, இருபத்தாறில் பென்சிலை வைத்துக் கோடு கிழித்தேன். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக எண்ணி, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

காரைக்குடியில் என்னை மாயக்கண்ணன் ஆசாரி என்பார்கள். பிறப்பில் நான் ஆசாரி இல்லை. கல்லல் பக்கம் விவசாயக் குடும்பம். கண்மாய் நிறையாத ஒரு வருசத்தில் இங்கே ஒரு மரப்பட்டறைக்கு வேலைக்கு வந்தவன், அப்படியே இந்தத் தொழிலில் நின்றுவிட்டேன். பரம்பரை ஆசாரி ஒருவர் அளவு சாஸ்திரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளினால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் தள்ளினால், ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்பார்கள். அதனால் நான் எல்லோரையும்விட ஒரு பிடி கூடுதல் கறார். வாசல்நிலை, கட்டில், ஊஞ்சல் பலகை, ஏன், பேங்க் மேனேஜர் வீட்டு மாடுலர் கிச்சன் வரைக்கும் மனையடி பார்க்காமல் நான் அளவு வைத்ததில்லை. அதில் இருபத்தைந்து ஆகவே ஆகாது. இருபத்தாறு ராஜயோகம். அதெல்லாம் வீட்டுக்கு, அடிக்கணக்குக்குச் சொன்னது, இன்ச்சுக்குச் சொன்னது இல்லை என்று என் மனைவி சித்ரா கல்யாணமான நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கணக்கு டீச்சர். வீட்டில் ஒருவருக்குக் கணக்குத் தெரிந்தால் போதும் என்று நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரேணுகா எங்கள் தெருக்கோடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவள். புருசன் சிவபிரகாஷ் கிணற்றிலும் போர்வெல்லிலும் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவருவான், சரியான பிறகு கொண்டுபோய் மாட்டுவான். காயில் சுற்றுவது முழுக்க இவள்தான். முப்பத்து நாலு வயசு. வண்டியில் வந்து இறங்கும் மோட்டாரை ஒரு தடவை ஓடவிட்டு, கழற்றாமலே, “இது காயில் இல்லண்ணே, பேரிங்கு” என்று சொல்லிவிடுவாள். கழற்றிப் பார்த்தால் பேரிங்தான். அப்படிப்பட்ட காது. போன ஆடியில் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது வலது காதைக் கையோடு கொண்டுபோய்விட்டது. மதுரையில் பார்த்த டாக்டர், இடது காதும் மெல்ல மெல்லப் போகலாம் என்றாராம். சத்தம் குறைவதற்கு முன்னால் சுருதி கோணலாகக் கேட்கும், அதுதான் முதல் அடையாளம், கவனித்துக்கொண்டே இரு என்றாராம். இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி கதையைப் போல என்னிடம் சொன்னாள். எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

தேவகோட்டையில் பள்ளிக்கூடம் படித்தபோது கிட்டார் பழகியவள். வீட்டில் இருக்கிற சாதா கிட்டார் இப்போது ஒற்றைக் காதுக்குப் போதவில்லையாம். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் ஹெட்போன் மாட்டி இடது காதுக்கு நேராகச் சத்தத்தைக் கொண்டுவந்துவிடலாம். கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளேன் தாயி என்றேன்.

“அதுக்குள்ள இருக்கது காயில்தானண்ணே. ஊரு மோட்டாருக்கெல்லாம் நான் சுத்துறேன். எனக்குன்னு ஒண்ணு சுத்தி, அது என்ன பேசுதுன்னு காது இருக்கயிலேயே கேட்டுக்கிறேன்” என்றாள்.

சரி, அளவை எழுதிக் கொடு தாயி என்றேன்.

கழுத்து மட்டும் பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தது, குறுக்குக் கம்பிகள் பதித்து. அந்தக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பேர். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் ஒரு சுரம். உடம்பு என் பொறுப்பு. நெற்குப்பையில் பிரித்த வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்குத் துண்டு ஒன்று வருசக்கணக்கில் என் பட்டறையில் சாய்ந்து கிடந்தது. கரையானும் தொடாத கட்டை, ரம்பத்துக்கே பல் கூசியது. அறுத்து முடித்துத் தோளில் மாட்டிப் பார்த்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். “என்னண்ணே, நிலைக்கதவ மாட்டிவிட்டுட்டீக?” என்று சிரித்தாள். முதுகுப்பக்கம் குடைந்து எடை குறைத்தேன். முடியைவிட மெல்லிய செம்புக்கம்பியை அவள் ஆறாயிரம் சுற்றுச் சுற்றி, அதைக் காந்தத்தோடு சேர்த்துச் சின்னப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தாள், கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதானாம். பிறகு கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். பர்மா தேக்கில் பெயிண்ட் அடிப்பதும் ஒன்று, என்னை அடிப்பதும் ஒன்று என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வந்து பார்த்தபோது எட்டுப் பூச்சு அரக்கு பாலிஷ் ஏறியிருந்தது. வெயிலில் சாய்த்து வைத்து, சுருள் சுருளாக ஓடிய ரேகையை விரலால் தடவிக்கொண்டே நின்றாள், பெயிண்ட் பேச்சை எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது பிரிட்ஜ் ஒன்றுதான். கம்பிகளின் கீழ் நுனி உட்காரும் இரும்புத் தகடு. கழுத்தின் தலைமாட்டுப் பட்டையிலிருந்து பிரிட்ஜ் வரை இருபத்தைந்தரை. அங்கேதான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். கஷ்டத்தில் இருக்கிற பெண், அவள் ஆசையாகக் கேட்ட பொருள், அது போய், அரை கூடினாலும் ஆகாத அந்த இருபத்தைந்தில் நிற்பதா? ஒரு அரை இன்ச் கீழே தள்ளினேன். நாலு ஸ்க்ரூ, முடிந்தது. அவள் அளந்து பார்க்கவில்லை. “நீங்க வச்சா வச்சதுதாண்ணே” என்று தூக்கிக்கொண்டு போனாள்.

பதினாலு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அதே கிட்டாரைப் பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தாள்.

“யாருக்காச்சும் வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்குக் குடுத்துருங்கண்ணே.”

“ஏன் தாயி? கட்டை வெடிச்சிருச்சா?”

“கட்டைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. சும்மா தட்டுனா எல்லாக் கம்பியும் சரியா இருக்கு, போன்ல சுருதி பாக்குற ஆப்பும் பச்சை காட்டுது. விரல வச்சு மேல போகப் போகத்தான் சுருதி எறங்குது. பொருளு சரியா இருக்கு, எனக்குக் கோணலாக் கேக்குது. அப்பன்னா என்ன அர்த்தம்? டாக்டரு சொன்னது வந்துருச்சு.” பெட்ஷீட் நுனியை மடித்து மடித்து விரித்தாள். “மோட்டாரக்கூட இப்ப அவரத்தான் ஓட்டிப் பாக்கச் சொல்லிருக்கேன். எங்காத நம்பி ஒரு விவசாயி மோட்டாரு எரிஞ்சுபோச்சுன்னா?”

அவள் போன பிறகும் நான் அதே இடத்தில் நின்றேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் படிக்கட்டு தெரியும். பத்தடிக்கென்று படிகளைப் பிரித்து வைத்த பிறகு மாடியை உயர்த்திவிட்டால், ஏறுகிறவன் கடைசிப் படியில் தடுக்கி விழுவான். முதல் படியில் ஒன்றும் தெரியாது, மேலே போகப் போகத்தான் வித்தியாசம். ஃப்ரெட்டெல்லாம் இருபத்தைந்தரைக்குப் பிரித்தது. பிரிட்ஜை இருபத்தாறில் வைத்தவன் நான். அவள் காது பொய் சொல்லவில்லை. என் டேப்தான் பொய் சொல்லியிருக்கிறது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தெருக்கோடிக்கு ஓடிப்போய், “தப்பு என்மேல தாயி” என்று சொல்லியிருக்க வேண்டும், அறுபது எட்டு வைத்தால் போதும். போகவில்லை. சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டால் சரியாகிவிட்டது, அவளும் சந்தோசப்படுவாள், ஆசாரி அளவு தப்பிவிட்டான் என்று பேச்சும் வராது என்று கணக்குப் போட்டேன். அன்றைக்கே பிரிட்ஜைக் கழற்றினேன். நாலு ஓட்டையிலும் அதே தேக்கில் குச்சி சீவி அடித்து, இழைத்து, பாலிஷ் போட்டேன். அரை இன்ச் மேலே, இருபத்தைந்தரையில், பிரிட்ஜை வைத்து முறுக்கினேன். என்ன செய்தாலும் அந்த நாலு குச்சியும் முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி தனியாகத் தெரிந்தன. பழைய பித்தளைப் பூட்டுத் தகடு ஒன்றைப் பூ மாதிரி வெட்டி, தேய்த்துப் பளபளப்பாக்கி அதன்மேல் மூடினேன். சும்மா அழகுக்கு வைத்தேன் என்று சொல்ல வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. கதவு சாத்தும் நேரம் சித்ரா வந்து எட்டிப் பார்த்தாள்.

“எதை மூடுறீக?” என்றாள்.

டீச்சர் இல்லையா. நான் விளக்கை அணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேணுகாவை வரச் சொன்னேன். கழுத்து ஸ்க்ரூ லூசாக இருந்தது, இறுக்கியிருக்கிறேன், ஒரு தடவை வாசித்துப் பார் என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது! அவள் வேண்டாவெறுப்பாக மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன ஆம்பிளிஃபயரில் ஒயரைச் சொருகி, கம்பிகளைச் சுருதி சேர்த்தாள். இடது காதை ஸ்பீக்கர் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கீழிருந்து ஒவ்வொரு சுரமாக ஏறினாள். பாதியில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஏறினாள். இந்தத் தடவை கழுத்தின் அடிவரைக்கும் போனாள். பிறகு ஏதோ ஒரு பாட்டைத் தப்பும் தவறுமாக, அவசர அவசரமாக வாசித்தாள். ஸ்பீக்கர் மேலிருந்த மரத்தூள் துள்ளியது. பர்மா தேக்கு அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

“அண்ணே” என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். “காது திரும்பிருச்சுண்ணே.”

நான் உளியை எடுத்துத் துடைத்தேன்.

“நேத்துக் குன்றக்குடி மலையில ஏறி அழுதுட்டு வந்தேன். காத மட்டும் குடுத்துரு, முடியக் குடுத்துர்றேன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டு வந்தேன். ஒரு நாள்ல குடுத்துட்டாரு பாத்தீகளா! நாளைக்கே போயி மொட்டை போட்டுர்றேன்.” பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். இடுப்புக்குக் கீழே வரும் முடி. “டாக்டருக்கும் போன் போட்டுச் சொல்லணும்.”

நான் கெட்டிக்காரன்தான், ஆனால் முருகன் பேரில் ஒளிந்துகொள்ளும் அளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். கிட்டார் அவள் மடியிலேயே இருந்தது. பித்தளைப் பூவைக் கழற்றி எடுத்தேன். நாலு குச்சியும் தெரிந்தன.

“முருகனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தாயி. பிரிட்ஜு முதல்ல இங்கன இருந்துச்சு. நேத்துக்கு மொத நாளு அங்குட்டு மாத்துனேன். ஒங்காதுக்கு ஒண்ணுமே ஆகல. கோணலாக் கேட்டுச்சுன்னா, அது கோணலாத்தான் இருந்துச்சு.”

அவள் குச்சிகளைப் பார்த்தாள், பித்தளைப் பூவைப் பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்த டேப்பை உருவி, தலைமாட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அவளே அளந்தாள். குச்சி இருந்த இடம் வரைக்கும் ஒரு தடவை அளந்தாள்.

“அரை இன்ச்சு” என்றாள். “எழுதித்தானே குடுத்தேன். எதுக்குண்ணே?”

“இருபத்தஞ்சு ஆகாதுன்னு...”

சொல்லும்போதே எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கத்துவாள், கிட்டாரைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் தேவலை.

“ரெண்டு வாரமா நான் செவிடியா இருந்துருக்கேன்” என்றாள். “பிள்ளை பேசயில வாயப் பாத்துப் பழகிக்கிட்டு இருந்தேண்ணே, பின்னாடி ஒதவுமேன்னு.”

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். நான் தரையைப் பார்த்தேன். முந்தாநாள் இழைத்த சுருள்கள் பெருக்காமல் கிடந்தன.

எழுந்தாள். கிட்டாரை என் மடியில் வைத்தாள். தடித்த கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் என் விரலை எடுத்து அழுத்தி வைத்தாள்.

“இதையும், பக்கத்துக் கம்பியச் சும்மாவும் தட்டுங்க. ரெண்டும் ஒரே சுரம் பேசணும். நான் அங்குட்டுத் திரும்பிக்கிறேன். நீங்க அப்பப்ப இந்தத் திருகைத் திருப்பிச் சுருதியக் கெடுங்க, அப்பப்ப சரியா வைங்க. நான் சொல்றேன்.”

“எதுக்கு தாயி, அதான் சொல்லிட்டேனே...”

“நீங்க சொன்னத நம்பியா?” என்றாள்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் தட்டினேன். சரி என்றாள். திருகைத் திருப்பிவிட்டுத் தட்டினேன். தப்பு என்றாள். எப்படியாவது அவள் ஜெயித்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. திருகைத் தாராளமாகத் திருப்பினேன். தப்பு. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். சரி. இன்னும் தாராளமாகத் திருப்பினேன். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“அண்ணே” என்றாள், திரும்பாமலே. “இது வாசல்ல போறவனுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கெடுங்க. ஒங்களுக்குத்தான் அது வருமே.”

சுருதியைத் திரும்பச் சேர்த்தேன். பிறகு திருகின்மேல் இரண்டு விரலை வைத்து, மூச்சை அடக்கி, அசைத்தேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு அசைத்தேன். ஒரு நூல்கூட இருக்காது. இரண்டு கம்பியையும் தட்டினேன். சத்தம் பட்டறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, சாய்த்து வைத்த கதவுகளுக்கு நடுவே போய் நின்றது. அவள் அசையவில்லை. ஒரு விரலால் இடது காதின் மேலிருந்த முடியை ஒதுக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். நான் கம்பியை அமர்த்தவில்லை. அது தானாக ஓயட்டும் என்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.