மிர்ட்டிலின் "ம்ம்"

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கத்தை நானும் மிர்ட்டிலும் இருபத்திரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. ஒரு வரி எழுதியதும், "மிர்ட்டில், இது சரியா இருக்கா?" என்பேன். சரியென்றால் தலையாட்டுவாள். இல்லையென்றால் நிமிராமலே "ம்ம்" என்பாள். அந்த "ம்ம்"முக்குப் பயந்தே ஓரளவு எழுதக் கற்றேன்.

அவளுடைய கடைசி வருஷத்தில் ஆபீஸுக்கு ஏஐ வந்தது. பழைய ஆள், தொடவே மாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளோ தேதி சரிபார்க்கவும் உறவுகளை வரிசைப்படுத்தவும் அதை நன்றாக வேலை வாங்கினாள். அது எழுதிக் கொடுத்த வாக்கியங்களை மட்டும் படித்துச் சிரித்துவிட்டு அழித்தாள். அத்தனை சாவுகளை எழுதிய கைக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்திருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது நான்தான்.

"முன்னாடி என் உயிரை வாங்குன. இப்ப அதோட உயிரை வாங்குற. அதுக்கு உயிர் இல்ல, தப்பிச்சுது," என்றாள்.

அவள் ஓய்வு பெற்றபின் எதை எழுதினாலும் அதனிடம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் "மிக அருமை" என்றது. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலியாகக் கிடந்த எதிர் மேஜையை அடிக்கடி பார்த்துக்கொள்வேன்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு பிப்ரவரியில், அவள் கணவன் ஓர்வில் இறந்துபோனான். "நீதான் எழுதணும், கிளேட்டன்," என்று போனில் சொன்னாள். அவளிடம் போய்ச் சொதப்பிவிடக்கூடாதே என்று பயந்தேன். ஏஐயிடம் கொடுத்தேன். வழவழவென்று வந்தது.

அச்சுக்குப் போகுமுன் வீட்டாருக்குப் போனில் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். வாசித்தேன். "இயற்கையை நேசித்த ஓர்வில், குடும்பத்தார் சூழ அமைதியாகக் கண்மூடினார்..."

"ம்ம்."

எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு.

"அமைதியாவா? டிவியில ஹாக்கி நடுவரைத் திட்டிக்கிட்டே போனான். பதினோரு குளிர்காலம் உறைஞ்ச ஏரி மேல அவன் குடிசையில அவனோட மீன் பிடிச்சவன் நீ. அந்த மெஷினுக்கு அவனைப் பத்தி என்ன தெரியும்?"

"தப்பாயிடுமோன்னு பயம், மிர்ட்டில்."

"தப்பானா என்ன? நான் இல்லையா திருத்த? அரைமணி நேரம் தரேன், எழுது."

கணினியை மூடிவிட்டுக் காகிதத்தில் எழுதினேன். பிடித்த மீனை ஊருக்கெல்லாம் கொடுத்தவர், எங்கே பிடித்தார் என்பதை மனைவிக்குக்கூடச் சொல்லாதவர். மைனஸ் முப்பது டிகிரி குளிரில் நண்பனின் காலுறை நனைந்தபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்து, எனக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று பொய் சொன்னவர்.

வாசித்து முடித்தேன். மறுமுனையில் மூக்கு உறிஞ்சுவது கேட்டது.

"போட்டுடு," என்றாள். கொஞ்சம் கழித்து, "ஏன் கிளேட்டன், சரியா இருக்கான்னு நீ கேக்கவே இல்லையே?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.