ஸ்லபர்டிகல்யன் ஐயா

"ஐயாவை என்னன்னு கூப்பிடறது அக்கா?"

புதிதாக வேலைக்கு வந்த பராமரிப்புப் பெண் கேட்டாள். மருமகள் அப்போது மாமனாரின் பைஜாமாக்களில் நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் நாடா கட்ட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ஊக்கின் முனையில் எலாஸ்டிக்கை மாட்டி, மடிப்புக்குள் விரலால் தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டிருந்தவள், கேள்வியைக் கேட்டதும் நிறுத்தினாள். கட்டிலில் சாய்ந்திருந்த கிழவர் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. காதையும் புத்தியையும் தொடவில்லை. எல்லாம் புரியும், திருப்பிச் சொல்லத்தான் முடியாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு மகன் கண் கலங்கினான். மருமகளுக்கோ, வெளியே சொல்ல முடியாத ஒரு நிம்மதி வந்தது.

"அவருக்கு ஒரு செல்லப் பேர் இருக்கு. அப்படிக் கூப்பிட்டா ரொம்பப் பிடிக்கும்," என்றாள். "ஸ்லபர்டிகல்யன்."

"என்னது?"

"ஸ்ல... பர்... டி... கல்யன். பழைய இங்கிலீஷ் வார்த்தை. ஐயாவுக்குப் பழைய இங்கிலீஷ்னா உயிர்."

பராமரிப்புப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். கட்டிலருகே போய்க் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல அந்தப் பெயரைத் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தாள். கிழவரின் இடது கை போர்வையைப் பிடித்துக் கசக்கியது. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. "பாருங்கக்கா, பேரைக் கேட்டதும் குஷியாயிட்டாரு!" என்றாள் அவள். மருமகள் மறுபடியும் ஊக்கை நகர்த்த ஆரம்பித்தாள். அவள் வயிறு குளிர்ந்தது என்று சொன்னால் அது கொஞ்சம் குறைத்துச் சொன்னதாகத்தான் ஆகும்.

கிழவர் வாழ்நாள் முழுவதும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அடுத்தவர்களின் ஆங்கிலத்தைத் திருத்தும் வேலை பார்த்தவர். அந்த வேலை அவருக்கு விட்டுப்போன ஒரே சொத்து, யாருக்கும் தெரியாத சொற்கள். இங்கிலாந்துக்காரர்களே மறந்து தூக்கிப்போட்ட வார்த்தைகளை எங்கிருந்தோ பொறுக்கிவந்து துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார். வாரத்தில் ஒரு நாள் இரண்டு பழைய சகாக்கள் வருவார்கள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து, சின்னப் பையன்கள் கோலிக்குண்டு காட்டுவதைப்போல, ஆளுக்கொரு வார்த்தையை வெளியே எடுப்பார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு பட்டம் உண்டு. மாடி வீட்டுக்காரர் 'மம்ப்ஸிமஸ்': தப்பு என்று காட்டிக்கொடுத்த பிறகும் அதையே பிடித்துத் தொங்குகிறவர். தெருமுனை டாக்டர் 'க்வாக்ஸால்வர்': போலி வைத்தியர். பட்டம் பெற்றவர்கள் எதிரே இருக்கும்போதே சொல்லிச் சிரிப்பதில்தான் அவர்களுக்கு ருசி.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மருமகளுக்கும் பட்டம் கிடைத்துவிட்டது. சகாக்களுக்குக் காப்பி கொண்டுவந்தவள், கால் விரிப்பில் தடுக்கி, தட்டோடு மேலெல்லாம் கொட்டிக்கொண்டு நின்றாள். கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிட்டாயைச் சுவைப்பதுபோல அந்த வார்த்தையைச் சொன்னார். கூடம் அதிர்ந்தது. அவள் சரக்கு வண்டி ஓட்டுகிறவரின் மகள், ஆங்கிலத்தைக் கண்டாலே ஒதுங்கிப்போகிறவள். அவளும் அசடு வழியச் சிரித்தாள். புருஷனிடம் தனியாகக் கேட்டாள். "அப்பாவுக்குப் புடிச்சவங்களுக்குத்தான் பேர் வைப்பார்" என்றான் அவன். நம்பினாள். தன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். "ஸ்லபர்டிகல்யன், காப்பி!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தால் "இதோ மாமா!" என்று ஓடினாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பாளோ என்னவோ. அவள் சொந்தமாகத் துணி திருத்தும் கடை வைத்தபோது, என்ன பெயர் வைக்கலாம் என்று மாமனாரிடமே போய்க் கேட்டாள். "உன் பேரையே வையேன்" என்றார் அவர். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பலகை எழுதுகிறவர் எழுத்துகளை மூன்று முறை கேட்டு எழுதினார். 'ஸ்லபர்டிகல்யன் டெய்லர்ஸ்' என்று தெரு பார்க்கப் பலகை ஏறியது. திறந்த அன்று சகாக்கள் இருவரும் வந்து, பலகைக்குக் கீழே கிழவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தன் கடைக்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறார்களே என்று அவளும் நடுவில் நின்று சிரித்தாள். ஆளுக்கு இரண்டாக இனிப்பு கொடுத்தாள்.

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் உள்துணி கிழிந்த கோட்டைக் கொண்டுவந்த வாடிக்கைக்காரி ஒருத்தி, பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரொம்பத் துணிச்சல்தாங்க உங்களுக்கு, இப்படி ஒரு பேரைக் கடைக்கு வெச்சிருக்கீங்களே" என்றாள். மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தர்மசங்கடத்தோடு கைபேசியில் தேடி எடுத்து, வாயால் சொல்ல மனசில்லாமல், திரையைத் திருப்பிக் காட்டினாள். எச்சில் வடிக்கும் அழுக்குப் பிண்டம். ஒன்றுக்கும் உதவாத ஜென்மம்.

அன்று சாயங்காலமே ஏணி போட்டுப் பலகையை இறக்கினாள். "காத்துல விழுந்துடுச்சு மாமா" என்று சொன்னாள். ஏன் கேட்கவில்லை, ஏன் கூடத்தின் நடுவில் நின்று கத்தவில்லை என்று தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார். தமாஷ் புரியாதவள் என்பதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை இருக்கும். அதையும் சகாக்களுக்குக் காட்டுவார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் காப்பி என்ற குரலுக்கு "இதோ மாமா" என்று போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரே ஒரு வித்தியாசம், இப்போது ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு பிடி நெருப்பை உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு மன்னிப்புகூட வேண்டாம். அந்த வார்த்தையின் அர்த்தத்தை இந்த வீட்டு ஆண்கள் தங்கள் வாயால், தமிழில், நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பராமரிப்புப் பெண்ணின் வாயில் பெயர் நுழைய இரண்டு நாள் ஆனது. அப்புறம் அது அவள் வாயை விட்டு இறங்கவே இல்லை. "ஸ்லபர்டிகல்யன் ஐயா, குளிக்கலாமா? ஸ்லபர்டிகல்யன் ஐயா, இன்னும் ஒரு வாய்!" மருந்துக் கடைக்காரரிடமும் காய்கறி கொண்டுவருகிறவளிடமும் அதே பெயர். ஜன்னல் வெயிலில் அவரை நகர்த்தி உட்காரவைக்கும்போது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகும். குளிர்காலத்து வெயிலின் இதமான சூட்டுக்கு 'அப்ரிஸிட்டி' என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இப்போதும் அதைத் தேடி உதடு அசையும், காற்றுதான் வரும். மருமகளுக்கு அந்த வார்த்தை தெரியும். பக்கத்தில் நின்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் ஜன்னல் திரையை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மகன் முதல் தடவை அதைக் கேட்ட அன்று சமையலறைக்கு வந்தான்.

"நீயா சொல்லிக்குடுத்த?"

"ஆமா."

"அது வேணாமே. பாவம் அப்பா."

"ஏன்? செல்லப் பேர்தானே? புடிச்சவங்களுக்குத்தான் வைக்கிறதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவள் பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்தாள். "அந்தப் பொண்ணுகிட்டப் போய் அர்த்தத்தைச் சொல்லுங்க. அவளே நிறுத்திடுவா. நான் குறுக்க நிக்கல." அவன் போகவில்லை. போய்ச் சொன்னால், இத்தனை வருஷம் அது யாருடைய பெயராக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்பா நோவு ஒரு பக்கம், தன் மானம் ஒரு பக்கம் என்று நிறுத்துப் பார்த்து, மானம் பக்கமே சாய்ந்துவிட்டான்.

கிழவரின் பிறந்தநாள் வந்தது. முந்தைய நாள் பராமரிப்புப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தோடு மருமகளிடம் வந்தாள். "நானே கேக் சொல்லப்போறேங்க்கா, என் செலவு. மேல ஐயா பேரை எழுதணும். இங்கிலீஷ்ல எழுதிக்குடுங்களேன், பேக்கரில குடுக்க." மருமகள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். சகாக்கள் நாளைக்கு வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த ஆசையும் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அவள் அந்த நொடியைக் கடந்துபோகவிட்டு, ஒரு எழுத்து பிசகாமல், கொட்டை எழுத்தில் எழுதிக்கொடுத்தாள்.

மறுநாள் சகாக்கள் வந்தார்கள். ஒருவர் ஒல்லி, ஒருவர் தடித்த கண்ணாடிக்காரர். கிழவரைச் சக்கர நாற்காலியில் மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மகனும் இருந்தான். பராமரிப்புப் பெண் அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து, "ஹேப்பி பர்த்டே ஸ்லபர்டிகல்யன் ஐயா!" என்று கைதட்டினாள். வெள்ளை க்ரீமின் மேல் சிவப்பில் அந்த நீளமான பெயர் இடம் போதாமல் ஓரத்தில் வளைந்து இறங்கியிருந்தது.

ஒல்லிக்காரர்தான் முதலில் சிரித்தார். பழக்கம், அடக்க முடியவில்லை. பிறகு கண்ணாடிக்காரருக்கும் தொற்றிக்கொண்டது. "யாரும்மா இந்தப் பேர் வெச்சது?" என்று திணறித் திணறிக் கேட்டார். "அவங்க செல்லப் பேரு சார்!" என்றாள் பராமரிப்புப் பெண். அவர்கள் இன்னும் குலுங்கினார்கள். கிழவரின் முகத்தில் ஈயாடவில்லை. தன் சகாக்களை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இருந்தது. மருமகள் அந்தக் காட்சிக்காகத்தான் காத்திருந்தாள். ஆசைதீரப் பார்த்தாள். இனித்தது. பிறகு தற்செயலாக அவள் பார்வை பராமரிப்புப் பெண்ணின் மேல் விழுந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதற்குத் தானும் ஒரு காரணம் என்ற பூரிப்போடு, மேஜையின் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான் அர்த்தம் சார் அதுக்கு?" என்றாள் அந்தப் பெண்.

சிரிப்பு நின்றது. மருமகள் புருஷன் பக்கம் திரும்பினாள். இனிப் பின்வாங்க முடியாது, பின்வாங்கவும் அவளுக்கு மனசில்லை. "நீங்க சொல்லுங்க," என்றாள்.

"இப்ப எதுக்கு..."

"சொல்லுங்க. தமிழ்ல."

அவன் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒரே மூச்சில், தணிந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. எச்சில் வடிக்கிற அழுக்குப் பிண்டம், எதுக்கும் உதவாத ஜென்மம். பராமரிப்புப் பெண்ணின் கை தானாக வாய்க்குப் போனது. கிழவரின் மோவாயில் வழிந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"இவர் எனக்கு வெச்ச பேர் அது," என்றாள் மருமகள். "வாழவந்த வாரத்துல வெச்சாரு. கடைப் பலகைல எழுதவெச்சாரு. இவங்க ரெண்டு பேரும் அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நானும் தெரியாம கூடச் சேந்து சிரிச்சேன்." புருஷனிடம் கேட்டாள்: "உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல்லேர்ந்தே," என்றான் அவன்.

கேட்டுவிட்டாள். இத்தனை வருஷம் எதற்காகக் கறுவிக்கொண்டிருந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. ஒல்லிக்காரர் தொப்பியைத் தேடினார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னும் சொல்ல வேண்டியவை அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. அதற்குள் பராமரிப்புப் பெண் பேசினாள்.

"உங்களுக்கு அர்த்தம் தெரியாதுன்னுதான் அவங்க கூப்பிட்டாங்க. சரிக்கா. நான் கூப்பிடும்போதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே."

"உன்னை ஒண்ணும் சொல்லலையேம்மா..."

"என் வாயால சொல்லவெச்சீங்க. மருந்துக் கடை வரைக்கும் போய்ச் சொன்னேன். எழுதிக்கூடக் குடுத்தீங்களேக்கா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் மருமகள் சமாதானம் சொல்லியிருப்பாள். ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். திறக்கவும் இல்லை, அவள் திரும்பி வரவும் இல்லை.

அப்போது கிழவரின் இடது கை மடியில் கிடந்த போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மேஜை விளிம்பைத் தொட்டு, ஊர்ந்து, கேக்கின் மேல் ஏறியது. விரல்களை அகல விரித்து அந்தச் சிவப்பு எழுத்துகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழித்தார். எல்லாம் போகவில்லை. மறுபடியும் வழித்தார். மூச்சு வாங்கியது, சட்டை மார்பிலும் மோவாயிலும் க்ரீம் அப்பியது. மகன் எழுந்திருக்கப் பார்த்து, அப்பாவின் முகத்தைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டான். பெயர் இருந்த இடம் வெறும் இளஞ்சிவப்புக் குழைசலாக ஆன பிறகு, கிழவர் மருமகளைப் பார்த்தார். அந்தக் கையை அவளை நோக்கி நீட்டினார். துடைத்துவிடச் சொல்கிறாரா, நானே அழித்துவிட்டேன் பார் என்கிறாரா, அவளுக்குத் தெரியவில்லை. அவள் இரண்டடி தூரத்தில் நின்றாள். கை அந்தரத்திலேயே நின்றது, க்ரீம் மணிக்கட்டைத் தாண்டிச் சட்டைக்கைக்குள் மெதுவாக இறங்கியது.