மூன்றாவது விலை

எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கிற ஒருவரோடு நீங்கள் சிநேகம் வைத்திருக்கிறீர்களா? ஜெயிக்கிறவனோடு பழக ஊரே வரிசையில் நிற்கும். தோற்கிறவரோடு பழக நல்ல மனசு வேண்டும். இல்லாவிட்டால், பேச வேறு ஆளே இல்லாத வாழ்க்கை வேண்டும். கொட்டேஷனுக்கு இரண்டாவதுதான் வாய்த்திருந்தது.

கொட்டேஷன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு பிஸ்கட் கம்பெனியில் சாமான் கொள்முதல் செய்கிற வேலை அவருக்கு. துடைப்பம் வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போட மாட்டார். "பொண்ணு பாக்கப் போனப்பவும் மூணு கொட்டேஷன் வாங்கித்தான் முடிவு பண்ணிருப்பாரு" என்று பாக்கிங் பிரிவில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் அவர்கள் கும்பலாகச் சாப்பிடப் போவார்கள். அவர் தன் மேஜையிலேயே டப்பாவைத் திறப்பார்.

மனைவியும் மகளும் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

"அங்க மழையா?"

"இல்ல. அங்க?"

"இங்கயும் இல்ல. சரி, வச்சிடவா?"

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. பிரிந்திருந்து பிரிந்திருந்து பேச்சு வற்றிவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, நாற்காலிமேல் துவைத்த சட்டைகள். உட்கார வேண்டுமானால் சட்டைகளைத் தூக்கிக் கட்டிலில் போட வேண்டும். படுக்க வேண்டுமானால் திரும்ப நாற்காலியில் போட வேண்டும்.

அட்டைப்பெட்டிக்கு அவரிடம் மூன்று பேர் விலை கொடுத்துவந்தார்கள். முதலாவது, ஊரறிந்த பெட்டி முதலாளி. நான்கு வருஷமாக அவர் விலைதான் குறைவு, அவருக்குத்தான் ஆர்டர். இரண்டாவது கம்பெனியில் ஒரு அம்மா விலையைச் சொல்லிவிட்டு முகத்தில் அடித்த மாதிரி போனை வைப்பார். மூன்றாவது கம்பெனிக்காரர்தான் நம்முடைய தோற்கிற மனிதர்.

முதல் முறை அவர் தோற்றபோது கொட்டேஷன் மரியாதைக்குப் போன் செய்து, "உங்களுக்குக் கெடைக்கல சார்" என்றார்.

"பரவாயில்ல சார். அது இருக்கட்டும், குரல் ஏன் கம்முது? சளியா? வெந்நீர் குடிச்சீங்களா?"

வேலைக்காக அந்த ஊரில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. அன்று ராத்திரி கொட்டேஷன் வெந்நீர் வைத்துக் குடித்தார். சளிக்காக மட்டும் இல்லை.

அன்றிலிருந்து காலை பதினொரு மணிக்கு மூன்றாவது கம்பெனியின் போன் வந்துவிடும். பெட்டி நீளம், அகலம், எத்தனை அடுக்கு அட்டை என்று ஆரம்பித்து, மூன்றாவதுகாரரின் முழங்கால் வலிக்குப் போய், அவர் மனைவி இறந்த வருஷத்தில் கொஞ்ச நேரம் நின்று, கொட்டேஷனின் மகள் கணக்கில் வாங்கிய மார்க்கில் முடியும். "சார்" கழன்று "தம்பி"யும் "அண்ணே"யும் வந்தன. நான்கு வருஷத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

போன வருஷம் கொட்டேஷன் செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அவரோ குரலைத் தாழ்த்தி, "அண்ணே, முதலாளி பெட்டிக்குப் பதினெட்டே முக்கால் ரூபா போட்டிருக்காரு. நீங்க பதினெட்டரை போடுங்க. இந்தத் தடவையாவது ஜெயிங்க" என்றார். "பாப்போம் தம்பி" என்று மறுபக்கம் போன் வைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து மூன்றாவது கம்பெனியின் விலை வந்தது: பத்தொன்பதே முக்கால். ரோஷக்காரர், பிச்சை வாங்க மாட்டார் என்று கொட்டேஷன் அவர்மேல் வைத்திருந்த மதிப்பை இன்னும் ஒரு படி ஏற்றிக்கொண்டார்.

இந்த வருஷம் இரண்டு வருஷத்துக்கான ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. மேனேஜரம்மா அவரைக் கூப்பிட்டார்.

"பெட்டி முதலாளி கைய விரிச்சா மறுநாள் நமக்கு யாரு பெட்டி தருவா?"

"மத்த ரெண்டு பேரு இருக்காங்கம்மா."

"அவங்க இடத்த நீங்க பாத்திருக்கீங்களா? மிஷின் இருக்கா, ஆள் இருக்கா, தெரியுமா? ஒருநாள் பெட்டி வரலன்னா பாக்கிங்ல எம்பது பேர வீட்டுக்கு அனுப்பணும். மூணு இடத்தையும் நேர்ல பாத்துட்டு எழுதிக் குடுங்க."

கொட்டேஷனுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. அண்ணனை நேரில் பார்க்கலாம். இடம் சுமாராக இருந்தால்கூடப் போதும், ஆர்டரில் பாதியை அவருக்குப் பிரித்துக் கொடுக்கச் சிபாரிசு செய்யலாம். ஒரே ஆளை நம்பியிருக்கக் கூடாது என்பதுதானே மேனேஜரம்மாவின் பேச்சே.

போனில் சொன்னபோது மூன்றாவதுகாரர் மகிழவில்லை.

"வராதீங்க தம்பி. இங்க ஒரே குப்பை."

"குப்பைய பாக்கவா வர்றேன்? உங்களப் பாக்க வர்றேன்ணே."

"மிஷின் வேற ரிப்பேரு."

"ரிப்பேர்னே எழுதிக்கறேன்."

வியாழக்கிழமை காலை பெட்டி முதலாளியின் ஷெட்டைப் பார்த்தார். கூரை தொடக் காகித உருளைகள், மூன்று மிஷின்கள், பசை நாற்றம். சுவரோரம் ஒயர்கள் கொடி மாதிரி தொங்கின. முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, "நம்மள விட்டா யாரு சார் இந்த வெலைக்குத் தருவா?" என்றார். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் அப்போது தோன்றியது.

மத்தியானம், இரண்டாவது இடத்தை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, கையில் தன் கம்பெனி பிஸ்கட் பொட்டலத்தோடு மூன்றாவது முகவரியைத் தேடினார். வேறு தெரு, வேறு எண். விசாரித்துக்கொண்டே போய் ஒரு திருப்பம் திரும்பி, இன்னொன்று திரும்பி, ஒரு தகரக் கதவின் முன் நின்றார். கதவுக்குமேல் சின்னதாகக் கம்பெனி பெயர். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம். ரிப்பேர் ஆன மிஷின் இவ்வளவு சத்தம் போடுமா என்று யோசித்தவருக்குப் பசை நாற்றம் மூக்கில் ஏறியது. காலையில் குடித்த டீயின் ருசிகூட நாக்குக்கு வந்தது. அது அதே ஷெட்டின் பின்கதவு.

கதவுக்குள் ஒரு தடுப்பு அறை. மேஜைமேல் மூன்று கம்பெனியின் கடிதத் தாள்களும் மூன்று அடுக்காக இருந்தன. பின்னால், கண்ணாடிக் காதை நூலால் கட்டிய ஒல்லியான மனிதர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வராதீங்கன்னு சொன்னேனே தம்பி" என்றார். அதே குரல்.

இருந்தது ஒரே நாற்காலி. அதை அவர் தள்ளிக் கொடுத்தார். கொட்டேஷன் உட்காரவில்லை.

"மிஷின்?"

"முதலாளியோடது."

"கம்பெனி?"

"தாள்ல மட்டும்தான். நான் இங்க கணக்கெழுதுற ஆளு. முதலாளி ஒரு வெல சொல்வாரு. அதுக்குமேல கொஞ்சம் ஏத்தி நான் ரெண்டு வெல எழுதணும். தோக்கறதுக்குச் சம்பளம் தம்பி."

"அப்ப அந்தம்மா?"

"முதலாளி மச்சினி. சமையல் நேரத்துல நீங்க போன் பண்ணுவீங்க, அதான் எரிஞ்சு விழும்."

சிரிப்பு வரவேண்டிய இடம். கொட்டேஷனுக்கு வரவில்லை.

"போன வருஷம் நான் வெல சொன்னேனே."

"பதினெட்டே முக்கால்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வெலைய டைப் அடிச்சதே நான்தான். எனக்காக நீங்க உங்க வேலையப் பணயம் வச்சீங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல."

"முழங்கால் வலி? அண்ணி செத்தது?"

"எல்லாம் நெசம் தம்பி. கம்பெனி மட்டும்தான் பொய்."

வெளியே ஒரு மிஷின் நின்றது. கொட்டேஷன் மனசு கணக்குப் போட்டது. எழுதினால் இவர் வேலை போகும், பதினொரு மணியும் போகும். எழுதாவிட்டால் அடுத்த இரண்டு வருஷமும் பதினொரு மணி இருக்கும். ஆனால் இந்த ஷெட்டில் ஒரு தீப்பொறி விழுந்தால் மூன்று கம்பெனியும் ஒரே மணி நேரத்தில் சாம்பல். எண்பது பேர் வீட்டில் உட்காருவார்கள். மூன்று இடத்தையும் பார்த்தேன், நன்றாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்ட ஆள் அவராக இருப்பார்.

"வேற எங்கயாவது வேல கெடைக்குமாண்ணே?"

"அம்பத்தெட்டு வயசு. பாப்போம்."

"எழுதாதன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா நீங்க கேட்டுடுவீங்க. அதான் சொல்லல."

கொட்டேஷன் பிஸ்கட் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார், "நான் எழுதினாலும் நாம பேசலாம் இல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, நூல் முடிச்சை நெருடிக்கொண்டே இருந்தார். "எதப் பத்திப் பேசறது? பெட்டிய சாக்கு வச்சுத்தானே மத்ததெல்லாம் பேசினோம். சாக்கில்லாம ரெண்டு ஆம்பளைங்க என்ன பேசுவாங்க? தவிர, இந்தப் போனும் முதலாளியோடது."

பிஸ்கட் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொட்டேஷன் கிளம்பினார். "வெந்நீர் குடிங்க தம்பி, குரல் கம்முது" என்று பின்னாலிருந்து கேட்டது. அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

சாயங்காலம் ஆபீசில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். மூன்றும் ஒரே ஷெட், ஒரே முதலாளி, ஒரே மின்சார லைன் என்று எழுதினார். போன வருஷம் தான் விலையை வெளியே சொன்னதையும் கடைசியில் ஒரு வரியாக எழுதினார். அறைக்குப் போய்ச் சட்டைகளை நாற்காலிக்கு மாற்றிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அறிக்கையை மேனேஜரம்மாவிடம் கொடுத்தார். அவர் பத்து மணிக்குள் படித்துவிட்டு மூன்று கம்பெனியையும் புது ஒப்பந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார். பெட்டி வாங்குகிற வேலையையும் கொட்டேஷனிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார். பதினொரு மணிக்கு மூன்றாவது கம்பெனியின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது பெட்டி முதலாளி: "இந்த நம்பர்ல இனிமே அந்தாளு பேச மாட்டாரு சார்."